மழை உள்ளே பெய்யுதா, வெளியே பெய்யுதா?

அணைக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கீழணை மதகுகளில் தண்ணீர் விழுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, கொள்ளிடத்தின் தென்கரையில் மணல்மேடு திசையாக நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஐப்பசிக் கடைசி. கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுவதற்குள் பையிலிருந்து புது ஜெர்கினை எடுத்து மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, தலைமூடியின் நாடாவையும் முடிச்சுப் போட்டுவிட்டேன். ஏழாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது. மூன்று மாதம் படித்து, ஒப்பிட்டு, தூக்கம் கெட்டு வாங்கியது. இன்றைக்காவது பலன் தெரியட்டும் என்று ஒரு சந்தோஷம்.

மழை பிடித்துக்கொண்டது. முதல் பத்து நிமிடம் ராஜா மாதிரி நடந்தேன். அடுத்த பத்து நிமிடத்தில் முதுகு கசகசத்தது. அரை மணி நேரத்தில் முழங்கை மடிப்பில் ஏதோ குளுகுளுவென்று ஓடியது. கையைத் தொங்கப்போட்டதும் மணிக்கட்டுப் பட்டை வழியாகத் தண்ணீர் வடிந்தது. கைநிறைய என்று சொன்னால் மிகை, ஆனால் சொட்டு சொட்டாக இல்லை, கோடாகவே வடிந்தது. ஓட்டை என்று நினைத்தேன். தோள் தையலைத் தடவிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. விரலை நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

கரைக்குக் கீழே களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மழை வலுத்ததும் மேலே ஏறி வந்தார்கள். ஆளுக்கொரு யூரியா சாக்கு. ஒரு மூலையை எதிர்மூலைக்குள் தள்ளிவிட்டு, கூம்பு மாதிரி தலையில் கவிழ்த்திருந்தார்கள். கொங்காணி. தலை, தோள், முதுகு வரை சாக்கு, முன்பக்கம் திறந்தவெளி. அதில் வயதான அம்மா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஜிப்பை இறக்கிவிட்டு, ஒட்டிக்கொண்டிருந்த சட்டையை உரித்து உதறிக்கொண்டிருந்தேன்.

“ஏந் தம்பி, ஒங்களுக்கு மழை உள்ள பேயுதா, வெளிய பேயுதா?”

சிரித்துவிட்டுப் போய்விட்டார். மூன்று மாதம் படித்ததில் எனக்குக் கிடைக்காத கேள்வி அது.

எங்கள் ஊரில் ‘ட்ரெக்கிங்’ என்று சொன்னால் யாராயிருந்தாலும் சிரிப்பார்கள். மலை எங்கே இருக்கிறது? கோடியக்கரையில் உயரமான இடம் என்று காட்டுகிற ராமர் பாதமே சில மீட்டர் மணல்மேடுதான். ஆனால் நடப்பதற்கு டெல்டாவைப் போல ஒரு இடம் கிடையாது என்பது என் கட்சி. கொள்ளிடம், அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு என்று எந்த ஆற்றங்கரையில் ஏறினாலும் போதும், கால் ஓயும்வரை சமதளம். ஒரே நிபந்தனை, பருவம். கோடையில் காலை ஒன்பது மணிக்கு மேல் கரையில் நடப்பது தண்டனை. ஆறு நிறைய தண்ணீர், வயல் பச்சை, வெயில் தணிவு என்று எல்லாம் கூடி வருவது அக்டோபர் முதல் டிசம்பர்வரைதான். அதே மூன்று மாதத்தில்தான் எங்கள் ஆண்டு மழையின் பெரும்பங்கும் கொட்டித் தீர்க்கிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. ஆக, இங்கே நடப்பவன் நனைந்துதான் ஆகவேண்டும். எதில் நனைவது என்பதுதான் கேள்வி. மழையிலா, வியர்வையிலா?

என் ஏழாயிரம் ரூபாய் ஜெர்கினின் மார்பில் ‘மூச்சு விடும் துணி’ என்று அர்த்தம் வரும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பொய் இல்லை. ஆனால் எந்த ஊரில் மூச்சு விடும் என்பதை எழுதவில்லை.

இந்தத் துணிகளின் கதை 1969இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், நம் நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்ளான் வகைப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அறுந்துபோகும் என்று எதிர்பார்த்தது பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சவ்வாக மாறியது. அதுதான் கோர்-டெக்ஸ். ஒவ்வொரு துளையும் நீர்த்துளியைவிட சுமார் 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறைவிட சுமார் 700 மடங்கு பெரியது என்பது கோர் நிறுவனம் சொல்லும் கணக்கு. மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாகி வெளியே போய்விடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்று பல கம்பெனிகள் வெவ்வேறு சவ்வுகளிலும் பாலியூரிதேன் பூச்சுகளிலும் இதே வேலையைச் செய்கின்றன.

ஆனால் ஆவி சும்மா வெளியே போகாது. அதைத் தள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள், உள்ளே இருக்கும் ஆவியின் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் ஆவியின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். வியர்த்துப்போன தோல் 35 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே நீராவி அழுத்தம் சுமார் 42 மில்லிமீட்டர் பாதரசம். வெளியே 5 டிகிரி குளிரில் மழை பெய்தால், ஈரம் நிரம்பிய அந்தக் காற்றிலும் அழுத்தம் ஆறரைதான். வித்தியாசம் 35க்கு மேல், ஆவி ஓடிப்போகும். நம் ஊர் நவம்பர் மழையில் வெளிக்காற்று 27 டிகிரி, ஈரம் நிரம்பியது. அழுத்தம் 26, 27க்கு வந்துவிடுகிறது. வித்தியாசம் பதினைந்து, பதினாறு. தள்ளுகிற ஆளுக்குப் பாதிக்குமேல் பலம் போய்விட்டது. குளிர்நாட்டு மலைக்குச் செய்த துணியைக் கொள்ளிடக் கரைக்குக் கொண்டுவந்தால் அதற்கு மூச்சு முட்டுகிறது. நமக்கும்தான்.

இதோடு லேபிளில் இருக்கும் எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘10,000 கிராம்’ என்று ஒன்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் பத்து லிட்டர் தண்ணீரை ஆவியாக வெளியேற்றும் என்று பொருள். மணிக்குக் கணக்குப் போட்டால் நானூறு மில்லிக்குக் கொஞ்சம் மேல். அதுவும் ஆய்வுக்கூடத்தில், வித்தியாசம் நிறைய இருக்கும்படி ஏற்பாடு செய்து அளந்தது. இதை அளக்கும் முறையே நாலைந்து இருப்பதால் ஒரு கம்பெனியின் 10,000மும் இன்னொன்றின் 10,000மும் ஒன்றல்ல. வெக்கையில் வேகமாக நடக்கிற ஒரு ஆளுக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை சாதாரணமாக வியர்க்கும். அண்டாவில் மொண்டு ஊற்றுகிற தண்ணீரை வடிகட்டி வழியாகக் காலி செய்கிற கதை.

இன்னொரு எண் ‘10,000 மில்லிமீட்டர்’. துணியின் மேல் பத்து மீட்டர் உயரத் தண்ணீர்க் குழாயை நிறுத்தினாலும் கசியாது என்று அர்த்தம். இதைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். கூடாரத் துணியே 1,500, 2,000 என்ற கணக்கில் மழையைத் தாங்கிவிடுகிறது. பைப்பட்டை அழுத்துகிற தோளில் மட்டும் கொஞ்சம் கூடுதல் தேவைப்படும். டெல்டா மழை எவ்வளவு அடித்தாலும் உங்கள் தோளில் பத்து மீட்டர் தண்ணீர் நிற்கப்போவதில்லை. நின்றால் அது வேறு விஷயம், ஜெர்கின் பற்றி யோசிக்கிற நிலையில் இருக்கமாட்டீர்கள்.

அடுத்து, மேல்துணியின் நீர்விலக்கிப் பூச்சு. புதிதாக இருக்கும்போது மழைத்துளி தாமரை இலையில் உருள்வதுபோல உருண்டு ஓடும். நாலு தடவை போட்டபின் தோளும் முன்கையும் மெதுவாகக் கருத்துத் துணி நனைய ஆரம்பிக்கும். உள்சவ்வு கசியாது, சரி. ஆனால் மேலே தண்ணீர்ப் படலம் படுத்துவிட்டால் ஆவிக்கு வழி ஏது? முன்பெல்லாம் இந்தப் பூச்சுக்கு ஃப்ளூரின் சேர்ந்த ரசாயனங்களைப் பயன்படுத்தினார்கள். அவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குகின்றன என்று தெரிந்தபின் பலர் கைவிட்டு வருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஃப்ளூரின் இல்லாத புதுப் பூச்சு தண்ணீரைத் தள்ளுமே தவிர எண்ணெயைத் தள்ளாது. எங்கள் வீட்டில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் வெளியே போகவிடமாட்டார்கள். என் ஜெர்கினின் தலைமூடி முதலில் நனைந்துபோனதன் ரகசியம் அதுதான் என்று பிறகு புரிந்தது. சோப்புத்தூள் மிச்சம் இல்லாமல் நன்றாக அலசி, லேபிள் அனுமதித்தால் மேலே ஒரு துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் பூச்சு கொஞ்சம் உயிர்பெறும். கம்ஃபர்ட் மாதிரி துணி மென்மையாக்கும் திரவம் பக்கத்திலேயே வரக்கூடாது.

சரி, அந்த ஜெர்கின் என்ன ஆயிற்று? தை பிறந்ததும் அதை அழகாகச் சுருட்டி, கூடவே தந்த சின்னப் பைக்குள் திணித்து, பீரோவின் மேல்தட்டில் வைத்தேன். அடுத்த ஐப்பசியில் எடுத்தேன். பையைத் திறந்ததும் புளித்த வாடை. விரித்தால் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. இழுத்தேன். வெயிலில் கருகிய முதுகுத் தோல் உரிவதுபோல வெள்ளை வெள்ளையாகப் பாலியூரிதேன் பூச்சு உரிந்தது. தோள் தையலில் ஒட்டிய டேப் ஒரு முழத்துக்குக் கையோடு வந்துவிட்டது. பூரான் செத்துக் கிடப்பதுபோல அது தரையில் கிடந்தது. விற்ற கடையில் கேட்டதற்கு, “யூஸ் பண்ணாம வெச்சா அப்படித்தான் சார் ஆகும்” என்றார்கள். கோபம் வந்தது. ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரிதேன் தண்ணீரோடு வினைபுரிந்து உடைந்துபோகும். சித்திரை வெக்கையில் தகர பீரோவுக்குள், லேசான ஈரத்தோடு, காற்றாடாமல் சுருண்டு கிடப்பதைவிட அதற்கு மோசமான இடம் கிடையாது. பெயர் சொல்ல விரும்பவில்லை. எந்தக் கம்பெனி பூச்சானாலும் எங்கள் பீரோவில் இதே கதிதான் என்று இப்போது நினைக்கிறேன். அதற்காக ஏழாயிரத்தை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

அதன்பிறகு ஒரு வருடம் ஜெர்கினே வேண்டாம் என்று இருந்தேன். முதலில் குடை. சும்மா சொல்லக்கூடாது, காற்றில்லாத மழையில் குடைக்கு ஈடு எதுவும் இல்லை. உடம்பைச் சுற்றிலும் காற்று, தலைக்கு மேல் கூரை. முழங்காலுக்குக் கீழே நனையும், நனையட்டும். ஆனால் பூம்புகார் கடற்கரையில் வாடைக்காற்று ஒரே வீச்சில் குடையை அல்லிப்பூ மாதிரி மலர்த்திவிட்டது. கரைமேல் இடி மின்னல் நேரத்தில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருளாகக் குடையோடு நடப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. ஒற்றைப் பனைமரத்தடியில் ஒதுங்குவது அதைவிட மோசம். இடி கேட்டால் கரையை விட்டு இறங்கி, கட்டடம் எதற்குள்ளாவது போய்விட வேண்டும்.

அடுத்து போஞ்சோ. வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சாயங்கால மழை பிடித்தால் சாலை முழுக்கக் கலர் கலராகப் பிளாஸ்டிக் தாள்கள் நடந்துபோகும். நடுவில் ஒரு ஓட்டை, அதில் தலை. முதுகுப் பையையும் சேர்த்து மூடும், பக்கவாட்டில் காற்று போகும், மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும். எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இரண்டு குறை. காற்று அடித்தால் பாவாடை மாதிரி முகத்துக்கு ஏறும். அப்புறம் எங்கள் கரைகளில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஒரு முள் போதும், முழ நீளத்துக்குக் கிழிக்கும்.

இத்தனைக்குப் பிறகுதான் அந்த அம்மாவின் யூரியா சாக்கு உண்மையாகப் புரிந்தது. அது மூச்சு விடாத பிளாஸ்டிக். ஆனால் முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்கிறது, குனிந்து வேலை செய்யும்போது மழை விழுகிற பக்கம் மட்டும் மூடியிருக்கிறது. என் ஜெர்கின் மூச்சு விடும் துணி, ஆனால் எல்லாப் பக்கமும் மூடியிருக்கிறது. வெப்ப நாட்டு மழையில் துணியின் நுண்துளைகள் செய்வதைவிட ஒரு பெரிய திறப்பு பல மடங்கு செய்யும். சணல் சாக்குக் காலத்திலேயே வயலில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

இந்தக் கண்ணோடு மறுபடி கடைக்குப் போனேன். இந்தத் தடவை லேபிளைக் கடைசியில் பார்த்தேன். முதலில் அக்குளுக்குக் கீழே ஜிப் இருக்கிறதா என்று தேடினேன். விலாவரை நீளமாக இறங்கும் ஜிப். அதைத் திறந்துவிட்டுக் கையை வீசி நடந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ளே காற்று புகுந்து வெளியேறும். மழை பெரும்பாலும் அங்கே விழாது, கை மறைத்துக்கொள்ளும். முன் ஜிப் கீழிருந்தும் திறக்க வேண்டும், அப்போதுதான் கழுத்தை மூடிக்கொண்டு வயிற்றைத் திறந்துவிட முடியும். மணிக்கட்டில் எலாஸ்டிக் கூடாது, வெல்க்ரோ பட்டை இருக்க வேண்டும். தளர்த்தி முழங்கைவரை சுருட்டிவிடலாம். தலைமூடிக்கு முன்னால் விறைப்பான விளிம்பு இருந்தால் கண்ணாடி போட்ட என்னைப் போன்றவர்களுக்கு வரம். அளவு ஒரு சைஸ் பெரிது. இதைக் கடைப்பையன் ஒப்புக்கொள்ளவே இல்லை. “லூசா இருக்கு அண்ணா, ஃபிட்டிங் நல்லால்ல” என்று மூன்று தடவை சொன்னான். தம்பி, அந்த லூசுக்குத்தான் காசு கொடுக்கிறேன் என்றேன்.

எடை? இருநூறு கிராம் பக்கத்தில் இருந்தால் போதும். அதற்கும் கீழே போனால் பத்து டெனியர் (நூலின் தடிமனைச் சொல்லும் அளவு) துணிதான் கிடைக்கும், கருவேலமுள்ளுக்குப் பலகாரம். இருபது முப்பது டெனியர் நைலான் எனக்கு ஒத்துவந்தது. உள்ளே தனித் துணி இல்லாமல் வெறும் பூச்சு தெரிகிற இரண்டரை அடுக்கு ஜெர்கின்கள் விலை குறைவு, ஆனால் வெறும் கையில் ஈரப் பாலிதீன் மாதிரி ஒட்டும். உள்ளேயும் மெல்லிய துணி ஒட்டிய மூன்றடுக்கு ஒட்டாது, விலையும் கனமும் கூடும். நான் இரண்டரை அடுக்கையே வாங்கினேன். எப்படியும் திறந்துபோட்டுத்தானே நடக்கப்போகிறேன். நிறம் நல்ல மஞ்சள். மழை இருட்டில் கரைச்சாலையில் வருகிற லாரிக்காரர் கண்ணில் படவேண்டும், அழகு அப்புறம். டூவீலருக்கு விற்கிற தடித்த கோட்டு பேன்ட் செட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது சரி, அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் இட்லிப்பானை.

உள்ளே போடும் சட்டைதான் பாதி ஜெர்கின் என்று சொல்லவேண்டும். பருத்திச் சட்டை நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. மெல்லிய பாலியஸ்டர் டி-ஷர்ட், நம் பையன்கள் கிரிக்கெட் ஆடப் போடுகிறது, நின்ற இடத்திலேயே பாதி உலர்ந்துவிடும். கீழே அரைக்கால்சட்டை. நான் நனைவேன் என்று ஒப்புக்கொண்டுதான் இப்போது கிளம்புகிறேன். நனையக் கூடாதவை போனும், ஒரு மாற்றுச் சட்டையும், ஒரு துண்டும் மட்டும். அவை ஜவுளிக்கடைக் கவர் இரண்டில் முடிச்சுப் போட்டுப் பைக்குள் இருக்கும்.

அப்படியானால் ஜெர்கின் எதற்கு? போன மார்கழி தொடக்கத்தில் கோடியக்கரையில் தெரிந்தது. காட்டுக்கு வெளியே உப்பளப் பக்கமாக, தூரத்தில் பூநாரைகளை எட்டிப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் தூறலில் நடந்தோம். நடக்கும்வரை ஜெர்கின் பையிலேயே இருந்தது, குளிரவில்லை. வேதாரண்யம் பஸ்ஸுக்காக நின்ற பத்தாவது நிமிடத்தில் ஈரச் சட்டையின் மேல் கடல்காற்று பட்டதும் பல் கிட்டியது. 23 டிகிரிதான் இருக்கும். அப்போது எடுத்து மாட்டி, இந்த ஒரு தடவை எல்லா ஜிப்பையும் மேலே இழுத்தேன். ஐந்து நிமிடத்தில் உடம்பு சூடு கண்டது. நடக்கும்போது தேவைப்படாத பொருள், நின்றபிறகு தேவைப்படுகிறது. கடைகளில் இதை யாரும் அப்படிச் சொல்லி விற்பதில்லை. (2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் இதே வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அந்த மாதிரி எச்சரிக்கை இருக்கிற நாட்களில் நடையைப் பற்றிப் பேசவே கூடாது. அதேபோல அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. கரைமேல் நடப்பதோடு சரி, கால் கழுவக்கூட இறங்காதீர்கள்.)

புது மஞ்சள் ஜெர்கின் இப்போது பீரோவுக்குள் போவதில்லை. ஹாலில் காற்றாடும் இடத்தில் ஆணியில் தொங்குகிறது. பங்குனியில் ஒருமுறை அலசி நிழலில் உலர்த்துகிறேன். எடுப்பதற்கு வசதியாகத் தொங்குவதால் வீட்டில் எல்லோருக்கும் அது பொதுச் சொத்தாகிவிட்டது.

போன வாரம் காலை நல்ல தூறல். கொல்லையில் அம்மா முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. என் ஜெர்கினின் தலைமூடியைத் தலையில் மாட்டியிருந்தாள். கை இரண்டையும் உள்ளே நுழைக்கவில்லை. மஞ்சள் கைகள் வெறுமையாக இரண்டு பக்கமும் தொங்கின, முதுகு மட்டும் மூடியிருந்தது, முன்பக்கம் திறந்து கிடந்தது. அப்படியே கொங்காணி.

“கையை விட்டுப் போடேம்மா” என்றேன்.

“போடா, வேகுது” என்றாள்.